அதுக்கப்புறம் போற கப்பல்

சன்னலை மூடாத கண்ணு, காத்து வரட்டும். எனக்கு பஸ்ஸுல ஏறினாலே தலை சுத்தும். நீ எங்க எறங்கறே? காந்திபுரமா? செரி, அப்ப நாமெல்லாம் ஒரே எடந்தான். அதா, ரெண்டு சீட்டு முன்னாடி வாயைப் பொளந்துட்டுத் தூங்கறாரே, அவருதான் என்ற வீட்டுக்காரரு. எழுபத்தியொண்ணு ஆகுது, பாத்தாத் தெரியாது. சன்னலோரச் சீட்டு கெடைச்சதும் என்னை இங்க தள்ளிவிட்டுட்டு அங்க போயி உக்காந்துட்டாரு.

பவானி கூடுதுறைக்குப் போயிட்டு வர்றோம். மாமனாருக்கு வருசத் திதி. பேரூர்லயே பண்ணியிருக்கலாம், நம்ம வீட்டுக்கு எட்டற தூரம். அவருதான் கூடுதுறைதான் ஒசத்தின்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அவங்கப்பனுக்குன்னா எதுலயும் கொறை வெக்க மாட்டாரு. இருக்கறப்பவும் வெக்கல, போனதுக்கப்பறமும் வெக்கல.

உன்ற பையில கப்பல் படம் போட்டிருக்குதே, ஜவுளிக் கடையில குடுத்ததா? அதைப் பாத்ததுந்தான் எனக்கு வாய் அடங்கல. கேக்கறதுக்கு யாராச்சும் வேணும் கண்ணு. வீட்டுல பேசுனா செவுத்துக்குத்தான் பேசோணும்.

ஒலகத்தையே சுத்திட்டு வர்ற கப்பல் இருக்குது, தெரியுமா? சிங்கப்பூர்ல ஏறினா நாலு மாசம். அங்கங்க கரையில நிறுத்துவாங்க, எறங்கிப் பாத்துட்டு ஏறிக்கலாம். சோறு, படுக்கை எல்லாம் கப்பல்லயே. மறுபடியும் சிங்கப்பூர்லயே கொண்டாந்து விட்டுருவாங்க. என்ற வீட்டுக்காரரு பம்ப்செட் கம்பெனியில சூப்பர்வைசரா இருந்தாரு. அவங்க மொதலாளி அப்படி ஒருக்கா போயிட்டு வந்து படமெல்லாம் காட்டியிருக்கறாரு. அன்னைக்குப் புடிச்ச கிறுக்கு. "துளசி, ரிட்டயர் ஆனதும் மொத வேலை அதுதான். காலையில எந்திரிச்சு சன்னலைத் தொறந்தா வேற நாடு!" அப்படீன்னாரு. கோயமுத்தூர்க்காரருக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும் சொல்லு. ராமேசுவரம் ஒருக்கா, திருச்செந்தூர் ஒருக்கா. அதுவும் முட்டி நனையற வரைக்குந்தான்.

எனக்கெல்லாம் ஆசையே கெடையாது. மருதமலைக்குப் போற பஸ்ஸுல போனாலே எனக்கு வாந்தி, நான் எங்க கப்பல்ல போறது? அவருக்காகத்தான் செரின்னேன். அங்க குளுருமுன்னு கம்பளிச் சட்டை எடுத்து வெச்சேன். நடக்கோணுமேன்னு பூட்ஸ் வாங்கி, மொட்டை மாடியில போட்டு நடந்து பழகினேன். கப்பல் சோறு வாய்க்கு வெளங்காதுன்னு வருசா வருசம் பருப்புப்பொடி இடிச்சு டப்பாவுல போட்டு வெப்பேன். வருசா வருசம் நாங்களே வீட்டுல தின்னு தீர்ப்போம். பாஸ்போர்ட்டு எடுத்து, அது பத்து வருசம் முடிஞ்சு, புதுசும் வாங்கியாச்சு. ரெண்டுலயும் ஒரு முத்திரை விழல. எல்லாம் அவருக்காகத்தான்.

பணங்காசுக்குக் கொறையில்ல கண்ணு. எப்பப் போறதுங்கறதுதான் வம்பாப் போச்சு.

அவரு வீட்டுக்கு மூத்த பையன். எங்க பக்கம் எப்படீன்னா, தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வெக்கோணும், தாய்க்கு எளையவன் வெக்கோணும். உங்க பக்கமும் அப்படித்தானா? ஆமா, எல்லாப் பக்கமும் அதுதான். அவரு ரிட்டயர் ஆகறதுக்கு முந்துன வருசம் மாமியா போயிட்டாங்க. என்ற கொழுந்தன் மயில்சாமி வந்து கொள்ளி வெச்சான். வெச்சுட்டு, காரியம் முடிச்சு, பொண்டாட்டி புள்ளைகளோட மெல்போர்னுக்குப் பறந்துட்டான். அவன் கடமை தீந்து போச்சு. இனி அவன் ஒலகத்தைச் சுத்துனா என்ன, சந்திரனுக்குப் போனா என்ன, ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

எங்களுது தீரலையே. மாமனாருக்கு அப்ப எம்பத்திரெண்டு. நஞ்சப்பன்னு பேரு, சிங்காநல்லூருப் பக்கம் மில்லுல பிட்டரா இருந்தவரு. எம்பத்திரெண்டு வயசுப் பெரியவரை விட்டுட்டு நாலு மாசம் கடல்ல எப்படிப் போறது? போனப்பறம் ஒண்ணு ஆயிருச்சுன்னா? மூத்தவன் இல்லாம எடுத்தாங்கன்னு ஒறம்பரைக பேச மாட்டாங்களா? அதனால அவரு சொன்னாரு, "அதுக்கப்புறம் போலாம் துளசி." நானும் செரின்னேன்.

எதுக்கப்புறம்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. அதை எப்படிக் கண்ணு வாயைத் தொறந்து சொல்றது?

அப்படியே அந்த வார்த்தை வீட்டுல ஒட்டிக்கிச்சு. டூரு கம்பெனிக்காரப் பையன் போன் பண்ணுவான், "சார், இந்தத் தையில போறீங்களா?"ம்பான். இவரு, "அதுக்கப்புறம் சொல்றேன் தம்பி"ம்பாரு. "எதுக்கப்புறம் சார்?"ம்பான். இவரு போனை வெச்சுருவாரு. சோபாவுல அந்தப் பக்கம் பெரியவரு உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருப்பாரே.

பெரியவரு ஒடம்பைச் சொல்லோணும். கல்லுக் கண்ணு, கல்லு. சுகரில்ல, பிரசரில்ல. தெனமும் பொழுதோட முக்கு பேக்கரிக்கு நடந்து போயி ஒரு டீயும் தேங்கா பன்னும் சாப்புட்டாத்தான் அவருக்கு நாள் முடியும். எம்பத்தஞ்சு, எம்பத்தெட்டு, தொண்ணூறு. வருசா வருசம் ரத்தம் பாத்துட்டு டாக்டரம்மா சிரிக்கும், "தாத்தா செஞ்சுரி அடிப்பாரு." நானும் சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்றது?

நான் ஒரு நாளும் தப்பா நெனச்சதில்ல, கோனியம்மன் சத்தியமாச் சொல்றேன். காலையில காப்பி கொண்டுபோயி வெக்கறப்ப, நெஞ்சு ஏறி எறங்குதான்னு கொஞ்ச நேரம் நின்னு பாப்பேன். தெனமும் பாப்பேன். அது ஒரு அக்கறையில பாக்கறதுதானே? கண்ணைத் தொறந்து, "என்னம்மா, இன்னும் இருக்கறனா?"ம்பாரு. கிண்டல் புடிச்ச மனுசன். எனக்கு அப்படியே சுருக்குனு ஆயிரும். டம்ளரை வெச்சுட்டு ஓடியாந்துருவேன்.

ஆறேழு வருசம் முன்னாடி ஒருக்கா, துணிஞ்சு முன்பணம் கட்டுனோம். கட்டுன மறு வாரம் பெரியவருக்குக் காய்ச்சல். சாதாக் காய்ச்சல் இல்ல, நெஞ்சுல சளி கட்டி ஐசியூவுல போட்டுட்டாங்க. "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க"ன்னுட்டாங்க. சொன்னோம். மெல்போர்ன்ல இருந்து மயில்சாமி வந்து எறங்கிட்டான். ஒறம்பரைக அத்தனை பேரும் ஆஸ்பத்திரி வராண்டாவுல. நான் பிளாஸ்க்குல காப்பி கொண்டுபோயி ஊத்துனேன். எடுக்கறது எங்க, சாப்பாட்டுக்கு யாருகிட்டச் சொல்றதுன்னு வரைக்கும் பேசிட்டாங்க. நாலாவது நாள் பெரியவரு கண்ணைத் தொறந்து, நர்சுகிட்ட பன் கேட்டிருக்கறாரு.

வராண்டாவுல ஒவ்வொருத்தரு மூஞ்சியும் தொங்கிப் போச்சு. எனக்கு சந்தோசந்தான். மயில்சாமிதான் மொணமொணத்தான், "இருந்த லீவெல்லாம் போச்சு அண்ணி. அடுத்த தடவை நெசமா இருந்தாக் கூப்புடுங்க"ன்னு. இவரு அன்னைக்கே கப்பலை ரத்து பண்ணிட்டாரு.

அதே வருசந்தான் என்ற பையன் நிரஞ்சனுக்குக் கனடாவுல வேலை கெடைச்சுது. பெரிய வேலை. மருமவ தாரணி பொட்டியே கட்டிட்டா. நான் ஒரே வார்த்தை சொன்னேன். "கண்ணு, உங்கப்பனைப் பாத்தீல்ல? நீ எங்களுக்கு ஒத்தப் பையன். நாளைக்கு எங்களுக்கு ஒண்ணுன்னா நீதான் வந்து கொள்ளி வெக்கோணும். நாலு மணி நேரத்துல வந்து சேர்ற ஊராப் பாரு." தங்கமான பையன். மறு பேச்சுப் பேசல. கனடாவை விட்டுட்டு சார்ஜாவுக்குப் போயிட்டான். தாரணிதான் கொஞ்ச நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா. என்ற பையன் அப்படி இல்ல. வளத்த வளப்பு அப்படி.

கப்பல் ரத்தானது பெரியவருக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. பேக்கரியில யாரோ சொல்லிட்டாங்களாட்ட இருக்குது. ஒரு நாளு சாப்புடறப்ப மவனைக் கூப்பிட்டு, "ஏஞ் சாமி, எனக்காகத்தான் நிறுத்துனியா? இப்பத்தான் ஐஸ் பொட்டி வந்துருச்சேப்பா. போட்டு வெச்சாங்கன்னா நீ வர்ற வரைக்கும் கெடக்கறேன். நான் எங்கயும் போயிர மாட்டேன்"னு சொல்லிட்டு ரசத்தை ஊத்தச் சொன்னாரு.

என்ற வீட்டுக்காரரு அதையும் விடல பாரு. டூருக்காரப் பையனுக்குப் போன் போட்டு, பாதியில எறங்க முடியுமான்னு கேட்டாரு. "கரை வந்தா எறங்கிக்கலாம் சார். ஆனா பசிபிக்ல ஒரு வாரம் கரையே வராது"ன்னான். அதைப் பெரியவருகிட்டச் சொன்னாரு. பெரியவரு கணக்குப் போட்டுப் பாத்துட்டு, "ஒரு வாரந்தானே? அந்த ஐஸ் பொட்டிக்காரன் பேக்கரிக்கு வருவான், நான் பேசி வெக்கறேன்"ங்கறாரு! இவரு எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போயி, குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதாரு. எனக்குக் கேட்டுது. பெரியவருக்கும் கேட்டிருக்கும். காது நல்லாக் கேக்கும் அவருக்கு.

அதுக்கு மேல கப்பல் பேச்சையே எடுக்கல. ஆனா பொழுதோட டீவியில அந்தக் கப்பல் படத்தைப் போட்டு உக்காந்துக்குவாரு. எந்த மாடியில என்ன இருக்குது, எந்தக் கரையில எத்தனை மணிக்கு நிக்கும், எல்லாம் அத்துபடி. பக்கத்துல பெரியவரும் உக்காந்து பாப்பாரு. "இது எந்த ஊருடா?"ம்பாரு. இவரு சொல்லுவாரு. அப்பனும் மவனும் இப்படியே சோபாவுல உக்காந்து ஒலகத்தைச் சுத்துனாங்க. நான் அடுப்படியில இருந்து எட்டிப் பாப்பேன். பனிப்பாறை வந்தா மட்டும் கூப்புடச் சொல்லியிருந்தேன். எனக்கு ஆசையெல்லாம் இல்ல, சும்மா.

போன வருசம் ஆனியில போனாரு பெரியவரு. தொண்ணூத்திநாலு. அன்னைக்குக் காலு கொஞ்சம் தள்ளாடுச்சுன்னு பேக்கரிக்குப் போகல. "நான் போயி வாங்கிட்டு வர்றேம்ப்பா"ன்னு இவரு போனாரு. தேங்கா பன் சூடா வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்னாங்களாம், நின்னு வாங்கிட்டு வந்தாரு. வர்றதுக்குள்ள முடிஞ்சுது. பேப்பரு மடியிலயே கெடந்துது. பன்னைக் கையில வெச்சுட்டு இவரு நின்னது இன்னும் என்ற கண்ணுலயே இருக்குது கண்ணு. பன்னண்டு வருசம் பக்கத்துலயே இருந்தாரு. மூச்சுப் போற நேரத்துல பேக்கரியில நிக்கறாரு.

கொள்ளியாவது வெச்சாரான்னு கேளு. இப்பெல்லாம் மின்மயானந்தானே. நெஞ்சுல ஒரு துண்டு கற்பூரத்தை வெச்சுப் பத்த வெச்சாரு, அவ்வளவுதான். அவங்க உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க, மிச்சத்தை மிசினு பாத்துக்குச்சு. அந்த ஒரு துண்டு கற்பூரத்துக்குத்தான் பன்னண்டு வருசம்! வெளிய வந்து என்னையப் பாத்தாரு. நானும் பாத்தேன். ரெண்டு பேரு மனசுலயும் ஒரே நெனப்பு ஓடுச்சு. சீ, அந்த எடத்துல அதை நெனக்கலாமான்னு நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

செரி, இனிப் போலாமான்னா, பங்காளிக சொல்லிட்டாங்க, வருசம் திரும்பற வரைக்கும் மலை ஏறக்கூடாது, கடல் தாண்டக்கூடாதுன்னு. அத்தனை வருசம் இருந்தாச்சு, இன்னொண்ணு இருக்க முடியாதா? இருந்தோம்.

இன்னைக்குத்தான் அந்த வருசம் திரும்புன நாளு. காலையில ஆத்துல பிண்டத்தைக் கரைச்சுட்டு ஈரத் துண்டோட படியேறி வந்தாரு. சிரிச்சாரு கண்ணு! அப்படி ஒரு சிரிப்பை நான் எங்க கல்யாணத்துல பாத்தது. "துளசி, இனி ஒண்ணுமில்ல. நிரஞ்சனுக்குப் போனைப் போடு. வர்ற தையில கப்பலுன்னு சொல்லு"ன்னாரு. போட்டேன். ஸ்பீக்கர்ல வெச்சேன்.

சொன்னதும் அவன், "என்னம்மா வெளையாடறீங்களா?"ங்கறான். "அப்பாவுக்கு எழுபத்தியொண்ணு. நாலு மாசம் கடல்லயா? நடுக்கடல்ல ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் எங்கன்னு வர்றது? எந்த நாட்டுல போயி வாங்கறது? நான் ஒருத்தன்தானேம்மா!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா"ன்னேன்.

"தாத்தாவை விட்டுட்டு அப்பா போனாராம்மா?"ன்னான். அப்பறமும் விடல. "நீங்க சொன்னதுதானேம்மா, நாலு மணி நேரத்துல வந்து சேர்ற ஊரா இருக்கோணும்னு. நான் இருக்கறேன்ல? அப்ப நீங்களும் இருக்கோணும்ல?"

என்ன பேச்சு பாரு இது! நான் அவனுக்குச் சொன்னது வேற. அது அவன் இருக்கற எடத்தைப் பத்தி. எங்களைப் பத்தி நான் எங்க சொன்னேன்? எதையோ கொண்டாந்து எதுலயோ முடிச்சுப் போடறான். படிச்ச புள்ளைககிட்டப் பேசி ஜெயிக்க முடியுதா?

இவரு ஏதாச்சும் அதட்டுவாருன்னு பாத்தேன். பெத்த அப்பன்தானே! போனை வாங்குனாரு. "செரிப்பா. நீ சொல்றதும் செரிதான்"னாரு. அவ்வளவுதான் கண்ணு, அவ்வளவேதான். பெரியவரு முன்னாடி ஒரு நிப்பு நிப்பாரு, தலையை லேசா சாய்ச்சுக்கிட்டு. அதே நிப்பு. அப்பன் இருந்த வரைக்கும் அப்பனுக்குச் செரி, இப்ப மவனுக்குச் செரி. நடுவுல இவருக்குன்னு இருந்தது அந்தப் படியேறி வந்த நேரம் மட்டுந்தான். போனை என்ற கையில குடுத்துட்டுத் துண்டைப் புழியப் போயிட்டாரு.

அவன் போனைக் கட் பண்ணல. வெச்சுட்டதா நெனச்சுட்டானாட்ட இருக்குது. அந்தப் பக்கம் தாரணி கேக்கறா, "அப்ப நாம கனடாவுக்கு எப்பங்க போறது?"

இவன் சொல்றான், "அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

அவளும் "செரிங்க"ங்கறா. எதுக்கப்புறம்னு அவ கேக்கல.

பாத்தியா கண்ணு? நாங்க எப்பக் கெளம்புவோம்னு ரெண்டும் உக்காந்து காத்துட்டிருக்குதுக! குத்துக்கல்லாட்டம் நாங்க இருக்கறப்பவே! நாங்க அப்படியா இருந்தோம்? நீயே சொல்லு. பெரியவரை ஒரு நாளு, ஒரு வார்த்தை அப்படி நெனச்சிருப்பமா?

என்னத்துக்கு என்னை அப்படிப் பாக்கறே?

அவருகிட்ட நான் சொல்லல. "என்ன சொன்னான்?"னு கேட்டாரு. "டவர் போயிருச்சு"ன்னேன். கம்பளிச் சட்டைய யாருக்காச்சும் குடுத்தரலாமான்னு இருக்குது. அப்பறம், எதுக்கும் இருக்கட்டும்னும் இருக்குது. ஒண்ணும் ஓட மாட்டேங்குது கண்ணு. அவனைத் திட்டலாம்னாலும் மனசு வர்றதில்ல. அவன் என்ன பண்ணுவான்? அவனுக்கும் வயசு ஓடுது. நாப்பது ஆகப் போகுது. பெரியவராட்டம் இவரும் தொண்ணூத்திநாலு வரைக்கும் இருந்துட்டா, அவன் எப்பக் கனடாவுக்குப் போறது? என்ற புள்ளையும் சோபாவுல உக்காந்து டீவியில கனடாவைப் பாத்துட்டிருக்க வேண்டியதுதானா?

இந்தா, பாலத்து மேல ஏறிட்டான். காந்திபுரம் வந்துருச்சு. உன்ற பையை எடுத்துக்கோ கண்ணு, நான் அவரை எழுப்போணும். பாரேன், இத்தனை குலுக்கல்லயும் எப்படித் தூங்கறாருன்னு. காலையில இருந்து வெறும் வயிறு, நானு கிறுகிறுத்துக் கெடக்கறேன், அவருக்கு ஒண்ணுமே ஆகல. அவங்கப்பன் ஒடம்பு அப்படியே வந்திருக்குது.

சுகரில்ல, பிரசரில்ல.